தட்டம்மைக்கு ரெண்டு ஊசியோட முடிஞ்சுது, நிமோகாக்கஸுக்கு மட்டும் ஏன் பூஸ்டர்?

ஈரோட்டு_கணேசன்
பொண்ணுக்கு ஒன்பது மாசம் முடிஞ்சுது, எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போடணும்னு பிஎச்சிக்கு கூட்டிட்டு போனோம், கையில ஒண்ணு தொடையில ஒண்ணுன்னு குத்திட்டாங்க, கேட்டா தொடையில போட்டது பிசிவி பூஸ்டராம், அதாவது நிமோகாக்கஸ் ஊசி. அதே பிசிவி ஒன்றரை மாசத்துல ஒண்ணு, மூன்றரை மாசத்துல ஒண்ணு ஏற்கனவே போட்டாச்சு. நர்ஸம்மா நல்லா பேசுறவங்கதான், "சத்து கொறஞ்சிரும் தம்பி, அதான் இன்னொண்ணு"ன்னாங்க, பின்னாடி க்யூ நின்னதால அதுக்கு மேல கேக்க முடியல. என் டவுட்டு இதுதான். தட்டம்மைக்கு ரெண்டு ஊசி, ஆயுசுக்கும் போதும்ங்கிறாங்க. இந்த நிமோகாக்கஸ், ஹிப், டைபாய்டு மாதிரி பாக்டீரியா ஊசிக்கு மட்டும் ஏன் சத்து கொறையுது? ஒரே தடவ போட்டா காலத்துக்கும் நிக்கிற மாதிரி ஒண்ண செய்ய முடியாதா, இல்ல செய்ய மனசில்லையா? தெரிஞ்சவங்க புரியிற மாதிரி சொல்லுங்க, நான் பி.காம்.

சந்தேகப்_பிராணி
செய்ய மனசில்ல. ஒரே ஊசியில முடிஞ்சா அடுத்த வருசம் எத விக்கிறது?

லேப்_மீனா
வந்துட்டாரு 😀 கணேசன் சார், நான் மைக்ரோபயாலஜி லேப்ல வேல பாக்குறேன், எனக்கு தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

தட்டம்மை ஊசிங்கிறது உயிரோட இருக்கிற, வீரியம் கொறச்ச வைரஸ். உள்ள போய் சில நாள் பெருகுது, உடம்பு நெஜமாவே நோய் வந்துருச்சுன்னு நெனச்சு முழு பலத்தோட வேல செய்யுது. நீங்க சொன்ன பாக்டீரியா கதை வேற. நிமோகாக்கஸ், ஹிப், மெனிஞ்சோகாக்கஸ் மூணுமே சும்மா பல பேர் மூக்கு தொண்டையில உக்காந்திருக்கும், ஒண்ணும் செய்யாது. என்னைக்கோ ஒரு நாள் ரத்தத்துக்குள்ள எறங்கிட்டா அப்புறம் செப்சிஸ், மூளைக்காய்ச்சல்னு போயிரும். இதுங்க மூணுக்கும், டைபாய்டு கிருமிக்கும் மேல ஒரு சர்க்கரைப் பூச்சு இருக்கு, பாலிசாக்கரைடு. நம்ம வெள்ளணு புடிக்க போனா விரால் மீன் மாதிரி நழுவிரும். அந்த சர்க்கரை மேல ஆன்டிபாடி போய் ஒட்டினாத்தான் வெள்ளணுவால முழுங்க முடியும், இல்லன்னா ரத்தத்துல இருக்கிற காம்ப்ளிமென்ட் புரதங்க வந்து ஓட்ட போட முடியும்.

அப்ப அந்த சர்க்கரைய மட்டும் பிரிச்சு ஊசியா போட்டா போச்சுன்னு நெனச்சாங்க, போட்டாங்க. பெரியவங்களுக்கு கொஞ்சம் வேல செஞ்சுது. 1974ல பின்லாந்துல ஹிப் சர்க்கரை ஊசிய ஒரு பெரிய ட்ரையல்ல போட்டுப் பாத்தாங்க, ஒன்றரை வயசுக்கு மேல இருக்கிற குழந்தைங்களுக்கு நல்ல பாதுகாப்பு, அதுக்கு கீழ சுத்தமா ஒண்ணுமில்ல. ஆனா ஹிப் மூளைக்காய்ச்சல் அதிகமா தாக்குறதே ஒன்றரை வயசுக்கு கீழதான்! காரணம் என்னன்னா, ஆன்டிபாடி செய்யிற வெள்ளணு பி செல், அதுக்கு உதவுற வெள்ளணு டி செல். டி செல் புரதத்தத்தான் பாக்கும், வெறும் சர்க்கரைய கண்டுக்காது. டி செல் உதவி இல்லாம பி செல் தனியா செய்யிற ஆன்டிபாடி மட்டமான சரக்கு, ஞாபகமும் தங்காது. ஒன்றரை, ரெண்டு வயசுக்கு கீழ அதக்கூட சரியா செய்யாது.

இதுக்கு வழி 1929லயே தெரியும். நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்ல ஏவரியும் கோபெலும் சர்க்கரைய ஒரு புரதத்தோட கெமிஸ்ட்ரியில கட்டிப் போட்டா முயலுக்கு நல்லா ஆன்டிபாடி வருதுன்னு காட்டிட்டாங்க. டி செல் புரதத்த பாத்து ஓடி வரும், கூடவே சர்க்கரைக்கும் உதவி கெடைக்கும். இதத்தான் கான்ஜுகேட் ஊசின்னு சொல்றோம். உங்க பொண்ணுக்கு போட்டது அதுதான்.

ஈரோட்டு_கணேசன்
மேடம் சூப்பர். ஆனா 1929ல தெரிஞ்சது கைக்கு வர எவ்ளோ வருசமாச்சு?

லேப்_மீனா
குழந்தைங்களுக்கான ஹிப் கான்ஜுகேட் அமெரிக்காவுல 1987ல ஒன்றரை வயசுக்கு மேல, 1990ல கைக்குழந்தைக்கு. ஆக அறுவது வருசம். நடுவுல பெனிசிலின் வந்துருச்சு இல்ல, அதான் எல்லாரும் ஊசிய மறந்துட்டாங்க. 1940கள் கடைசியில நிமோகாக்கஸ் சர்க்கரை ஊசி ஒண்ணு அமெரிக்காவுல மார்க்கெட்டுக்கே வந்துச்சு, டாக்டருங்க யாரும் சீண்டல, கம்பெனியே வாபஸ் வாங்கிருச்சு. ராபர்ட் ஆஸ்ட்ரியன்னு ஒருத்தர் மட்டும் விடாம கணக்கெடுத்து 1964ல ஒண்ண காட்டினாரு: ரத்தத்துல நிமோகாக்கஸ் எறங்கினவங்கள்ல, முதல் சில நாள்லயே சாகுறவங்க எண்ணிக்கைய பெனிசிலினாலயும் பெருசா மாத்த முடியல. மருந்து வேல செய்யிறதுக்கு முன்னாடியே ஆள் போயிடுறாங்க. இந்த வேகம்ங்கிற விஷயத்த மனசுல வச்சுக்கோங்க, உங்க பூஸ்டர் கேள்விக்கு பதிலே அதுலதான் இருக்கு.

லண்டன்_வன்னியன்
வணக்கம். நான் லண்டனில இருக்கிறன், இஞ்ச நடந்ததைச் சொன்னா கணேசன் அண்ணைக்கு வடிவா விளங்கும் எண்டு நினைக்கிறன்.

1992 ஒக்டோபரில இஞ்ச ஹிப் ஊசி தொடங்கினவை. ரெண்டு, மூண்டு, நாலு மாசத்தில மூண்டு ஊசி, பூஸ்டர் கிடையாது. அதோட நாலு வயசுக்கு உட்பட்ட மற்றப் பிள்ளையள் எல்லாருக்கும் ஒருக்கா போட்டவை. ஹிப் நோய் சட்டெண்டு விழுந்திட்டுது, எல்லாருக்கும் பெரிய சந்தோசம், பூஸ்டர் போடுற நாடுகளைப் பாத்து "எங்களுக்கு அது தேவையில்லை" எண்ட மாதிரி ஒரு கதை. பிறகு 1999க்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறத் தொடங்கி 2002ல நல்லாக் கூடிட்டுது, அதுவும் ஊசி போட்ட பிள்ளையளுக்கே. காரணம் ஒண்டில்லை. கைக்குழந்தையில போட்ட ஊசியின்ர பலம் ரெண்டாம் வயசிலயே குறைஞ்சுபோச்சு. முதல்ல பெரிய பிள்ளையளுக்குப் போட்டதால தொண்டையில கிருமி இல்லாம இருந்த கூட்டம் வயசேறிப் பெரிசாகிட்டுது, அவையால கிடைச்ச காப்பும் குறைஞ்சுது. இடையில கக்குவான் ஊசியின்ர வேற வகையோட சேர்த்து ஹிப்பைக் குடுத்ததில அந்த ஹிப் கொஞ்சம் பலவீனமா வேலை செய்தது. 2003ல அவசரமா எல்லாச் சின்னப் பிள்ளையளுக்கும் பூஸ்டர் போட்டு, 2006ல இருந்து ஒரு வயசில நிரந்தரமாக்கினவை.

மெனிஞ்சோகாக்கஸில சி எண்ட வகைக்கான ஊசியும் அதே கதைதான். 1999 நவம்பரில உலகத்திலயே முதல்ல தொடங்கினது இஞ்சதான். நாலு வருசம் கழிச்சுக் கணக்குப் பாத்தா, கைக்குழந்தையில மூண்டு ஊசி போட்ட பிள்ளையளுக்கு ஒரு வருசத்துக்குப் பிறகு பாதுகாப்பு எண்டு காட்டவே ஏலாமப் போச்சு. ஆனா பெரிய பிள்ளையா இருக்கேக்க ஒரே ஒரு ஊசி போட்டவைக்கு நல்லா நிண்டது.

ஈரோட்டு_கணேசன்
அண்ணே இது பயங்கரமா இருக்கே. மூணு ஊசி போட்ட குழந்தைக்கு நிக்கல, ஒரே ஊசி போட்ட பெரிய பசங்களுக்கு நிக்குதா?

லேப்_மீனா
ஆமா, ஆன்டிபாடிய மாசக்கணக்குல வருசக்கணக்குல சுரக்கிற பிளாஸ்மா செல்லு போய் குடியேறுற இடம் எலும்பு மஜ்ஜை. ஒரு வயசுக்குள்ள அந்த இடமே இன்னும் சரியா தயாராகல, போற செல்லு நெலச்சு தங்காது. அதனால ஊசி போட்டதும் அளவு ஏறுது, சில மாசத்துல சரசரன்னு எறங்குது. ஒன்பது மாசம், ஒரு வயசுக்கு மேல போடுற அதே மருந்து அதிக நாள் நிக்கும்.

இப்ப வேகத்துக்கு வரேன். வன்னியன் அண்ணா சொன்ன குழந்தைங்களுக்கு ஞாபக செல் இல்லாம இல்ல, இருந்துச்சு. அப்புறம் ஏன் நோய் வந்துச்சு? மஞ்சக்காமாலை பி ஊசிய பாருங்க, ஆன்டிபாடி அளவு காலப்போக்குல கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு எறங்கினாலும் நல்லா இருக்கிற ஆளுக்கு பூஸ்டர் வேணாம்ங்கிறாங்க, ஏன்னா அந்த வைரஸ் உள்ள வந்து நோயா மாற மாசக்கணக்காகும், ஞாபக செல் சாவகாசமா எழுந்திரிச்சு படைய தெரட்டிரும். மெனிஞ்சோகாக்கஸ் அப்படியில்ல. தொத்தினதுலேர்ந்து நோய்க்கு பொதுவா மூணு நாலு நாள், ரத்தத்துல எறங்கிட்டா மணிக்கணக்கு. ஞாபக செல் முழிச்சு புது ஆன்டிபாடி கணிசமா வர நாலு அஞ்சு நாள், ஒரு வாரம்கூட ஆகும். அதுக்குள்ள கதை முடிஞ்சிருக்கும். அதனால இந்த மாதிரி பாக்டீரியாவுக்கு ஞாபகத்த நம்பி உக்கார முடியாது, கிருமி வர்ற அன்னைக்கு ரத்தத்துல ஆன்டிபாடி தயாரா ஓடிட்டிருக்கணும். பூஸ்டர் அதுக்குத்தான்.

லண்டன்_வன்னியன்
மீனா தங்கச்சி, ஒரு சந்தேகம். உங்கட இந்திய அட்டவணையில ஹிப்பும் சேர்ந்த பென்டாவேலன்ட் ஆறு, பத்து, பதினாலு கிழமையில மூண்டுதானே, ஒன்றரை வயசில வாறது வெறும் டிபிடி. ஹிப்புக்கு பூஸ்டரே இல்லையே. இஞ்ச 1992ல செய்த அதே வேலையெல்லோ?

லேப்_மீனா
நல்ல எடத்துல புடிச்சீங்க அண்ணா. ஆமா, அரசு அட்டவணையில ஹிப் பூஸ்டர் இல்ல, தனியார் குழந்தை டாக்டருங்க ஒன்றரை வயசு வாக்குல போடுறாங்க. இந்தியாவுல பென்டாவேலன்ட முதல்ல தொடங்கினதே தமிழ்நாட்டுலயும் கேரளாவுலயும்தான், 2011 டிசம்பர்ல. நம்ம மாதிரி நாட்டுல ஹிப் ரொம்ப சின்ன வயசுலயே தாக்குது, பெரும்பகுதி ஒரு வயசுக்குள்ள, அதனால மூணு டோஸயும் முன்னாடியே கொடுத்து அந்த காலத்த காப்பாத்துறதுதான் முக்கியம்னு கணக்கு. இது வெறும் சமாளிப்பு இல்ல, மேற்கு ஆப்பிரிக்காவுல காம்பியா 1997ல தொடங்கி பூஸ்டர் இல்லாமயே ஹிப்ப கிட்டத்தட்ட ஒழிச்சுக் காட்டுச்சு. ஆனா பிசிவிக்கு நம்ம அரசு வேற முடிவு எடுத்துச்சு, ஒண்ண பின்னாடி தள்ளி ஒன்பதாம் மாசத்துல வச்சுட்டாங்க. மொத்தம் மூணுதான், கூடுதலா ஒண்ணும் இல்ல கணேசன் சார். எங்க வைக்கிறதுங்கிறதுதான் வித்தியாசம்.

என் தனிப்பட்ட அபிப்பிராயம், ஹிப்புக்கும் ஒண்ணு பின்னாடி இருந்தா நல்லது. ஆனா நான் முடிவு எடுக்கிற ஆள் இல்ல.

சந்தேகப்_பிராணி
எல்லாம் சரி. கெமிஸ்ட்ரி தெரியும், மஜ்ஜை தெரியும். அப்புறம் இருபது வருசமா ஏழை நாட்டுக்கு ஏன் போய் சேரல? பிசிவி அமெரிக்காவுல 2000ல வந்துச்சு. நம்ம ஊருக்கு இலவசமா வர 2021. அது வரைக்கும் தனியார்ல ஒரு டோஸ் ஆயிரக்கணக்குல. இத கேட்டா ஆன்ட்டி வேக்ஸ்னு பட்டம்.

ஃபார்மா_செந்தில்
இதுல பிராணி சொல்றதுல பாதி உண்மை இருக்கு பாஸ். நான் முன்னாடி ஒரு தடுப்பூசி ஃபேக்டரியில க்யூசில இருந்தவன், பேரெல்லாம் கேக்காதீங்க. கான்ஜுகேட்னு ஈசியா சொல்லிட்டாங்க, ஒரே கிருமியிலயே சர்க்கரைப் பூச்சு மாறி பல டைப் இருக்கு, அதுல ஒரு டைப்புக்கு என்ன வேலன்னு பாருங்க: கிருமிய ஃபெர்மென்டர்ல வளக்கணும், கொல்லணும், சர்க்கரைய பிரிச்சு சுத்தம் பண்ணணும், அளவா வெட்டணும், அதுக்கு ஒட்டுற மாதிரி கெமிக்கல் கை வைக்கணும், இன்னொரு பக்கம் டெட்டனஸ் டாக்சாய்டோ இல்ல சிஆர்எம்197ன்னு ஒரே ஒரு அமினோ ஆசிட் மாறினதால வெஷம் போன டிப்தீரியா புரதமோ வளத்து எடுக்கணும், ரெண்டையும் ஒட்டணும், ஒட்டாம மிச்சமிருக்கிற சர்க்கரைய கழுவி வெளியேத்தணும். ஒட்டாத சர்க்கரை அதிகமா போச்சுன்னா பேட்ச் போச்சு, ஏன்னா அது ஊசியோட வேலையவே கெடுக்கும். பிசிவி13ன்னா இத பதிமூணு தடவ தனித்தனியா செஞ்சு கடைசியில கலக்கணும், பதிமூணு மருந்து ஒரு குப்பியில. வெல ஏறாம என்ன செய்யும்?

ஆனா வெல எறங்கவும் செய்யும், நாம மனசு வச்சா. மெனாஃப்ரிவேக்னு ஆப்பிரிக்காவுக்குன்னே செஞ்ச ஊசியோட கதை தெரியுமா உங்களுக்கு?

சந்தேகப்_பிராணி
சொல்லுங்க, பொழுது போகட்டும்.

ஃபார்மா_செந்தில்
ஆப்பிரிக்காவுல செனகல்லேர்ந்து எத்தியோப்பியா வரைக்கும் குறுக்கால ஒரு பட்டை, மூளைக்காய்ச்சல் பட்டைன்னே பேரு, 26 நாடு. வறண்ட காத்து வீசுற மாசங்கள்ல மெனிஞ்சோகாக்கஸ் ஏ கெளம்பும். 1996-97ல மட்டும் ரெண்டரை லட்சம் பேருக்கு வந்து 25,000 பேர் செத்தாங்க. அங்க போட்டதெல்லாம் வெறும் சர்க்கரை ஊசி, தொற்று தொடங்கின பிறகு ஓடிப்போய் போடுறது, ரெண்டு மூணு வருசத்துல பலம் போயிரும், தொண்டையில கிருமி இருக்கிறத தடுக்காது, அடுத்த அலை வந்தா மறுபடி ஓட்டம். ஆப்பிரிக்க சுகாதார மந்திரிங்க கேட்டது, ஒரு டோஸுக்கு அரை டாலருக்கு கீழ கொடுங்க, இல்லன்னா எங்களால வாங்க முடியாதுன்னு. பெரிய கம்பெனிங்க யாரும் அந்த வெலைக்கு வரல. டபிள்யூஎச்ஓவும் பாத்ங்கிற அமைப்பும் சேந்து 2001ல கேட்ஸ் ஃபவுண்டேஷன் கொடுத்த 7 கோடி டாலர்ல ஒரு திட்டம் போட்டாங்க, மார்க் லாஃபோர்ஸ்ங்கிறவர் தலைமையில. ஒட்டுற டெக்னிக் அமெரிக்க எஃப்டிஏ லேப்ல இருந்து வந்துச்சு, செஞ்சது நம்ம புனே சீரம் இன்ஸ்டிட்யூட். அரை டாலருக்கு கீழயே வந்துச்சு. 2010 டிசம்பர்ல புர்கினா ஃபாசோவுல ஆரம்பிச்சு ஒரு வயசுலேர்ந்து 29 வயசு வரைக்கும் எல்லாருக்கும் ஒரே ஊசி.

ரிசல்ட்டு: 30 கோடி பேருக்கு மேல போட்டாங்க, 2017க்கு அப்புறம் அந்த பட்டையில மெனிஞ்சோகாக்கஸ் ஏ ஒண்ணுகூட உறுதியாகல. கரண்டு இல்லாத ஊருக்கு கொண்டு போக 40 டிகிரி வரைக்கும் நாலு நாள் ஐஸ் இல்லாம வச்சுக்கலாம்னு பர்மிஷனும் வாங்கினாங்க, அந்த மாதிரி அனுமதி வாங்கின முதல் ஊசி அதுதான்.

லேப்_மீனா
செந்தில் அண்ணா, இதுல முக்கியமான விஷயத்த நான் சேக்குறேன். சாட் நாட்டுல ஊசிக்கு முன்ன பின்ன தொண்டையில ஸ்வாப் எடுத்து பாத்தாங்க, கிருமிய சுமக்குறவங்க எண்ணிக்கை 98 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. 29 வயசு வரைக்கும் போட்டது அதுக்குத்தான், பரப்புறதே அந்த வயசுக்காரங்க. லண்டன்ல சி ஊசி கைக்குழந்தைங்ககிட்ட தேஞ்சு போயும் நோய் ஏன் திரும்ப வெடிக்கல? காலேஜ் வயசு வரைக்கும் எல்லாருக்கும் போட்டதால தொண்டையில கிருமியே கொறஞ்சுபோச்சு, குழந்தைக்கு வந்து சேர ஆளில்ல. அதனால "எவ்ளோ நாள் நிக்கும்"னு ஒரு ஆளோட ரத்தத்த மட்டும் பாத்து சொல்ல முடியாது. சுத்தி இருக்கிறவங்க தொண்டையையும் பாக்கணும்.

லண்டன்_வன்னியன்
அதுதான் பிறகு இஞ்ச 2015ல பதின்ம வயசுப் பிள்ளையளுக்கு ஏ, சி, டபிள்யூ, வை நாலும் சேர்ந்த ஊசியைப் பள்ளிக்கூடத்திலயே போடத் தொடங்கி, அடுத்த வருசம் கைக்குழந்தையின்ர சி ஊசியை நிப்பாட்டிப் போட்டினம். என்ர மூத்தவனும் பள்ளிக்கூடத்திலதான் போட்டவன்.

சந்தேகப்_பிராணி
புர்கினா கதை நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு டைப்ப வெரட்டினா இன்னொரு டைப் வருமே? நிமோகாக்கஸ்ல நூத்துக்கு மேல டைப் இருக்காமே. அதுக்கு என்ன சொல்றீங்க?

லேப்_மீனா
வரும், வந்துச்சு. அமெரிக்காவுல 2000ல ஏழு டைப்புக்கு ஊசி, அதுல இல்லாத 19ஏ கெளம்பி வந்துச்சு, ஆன்டிபயாட்டிக்குக்கும் மசியாத டைப் வேற. 2010ல 13 டைப்பா ஆக்கி அதையும் அடக்கினாங்க. இருந்தும் டைப் 3 இன்னும் டபாய்க்குது, அது சர்க்கரைய கனமா சுரந்து உதுத்து விட்டுட்டே இருக்கும், ஆன்டிபாடி எல்லாம் அந்த உதுந்த சர்க்கரையில போய் ஒட்டிக்கும். பெரியவங்களுக்குன்னு இப்ப 20, 21 டைப் ஊசியெல்லாம் வந்தாச்சு. ஆப்பிரிக்காவுலயும் ஏ போனதும் சி, டபிள்யூ, எக்ஸ் தலை தூக்குச்சு, அதுக்காக அதே சீரம் இன்ஸ்டிட்யூட் அஞ்சு டைப் சேந்த மென்ஃபைவ் செஞ்சு, 2024ல நைஜீரியாவுல முதல்ல போட்டாங்க. ஆனா பிராணி சார், டைப் மாறினாலும் குழந்தைங்ககிட்ட மொத்த நோய் நல்லாவே கொறஞ்சிருக்கு. பழைய அளவுக்கு திரும்பல.

மண்ணீரல்_இல்லாதவன்
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருப்பேன், இந்த இழைக்காகவே லாகின் பண்ணேன். எனக்கு ஐடிபின்னு ரத்தத்தட்டு கொறையிற நோய், மருந்து கேக்காம மண்ணீரல எடுத்துட்டாங்க. ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி நிமோகாக்கஸ், ஹிப், மெனிஞ்சோகாக்கஸ் மூணும் போட்டாங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போது சீட்டுல "வாக்சினேட்டட்"னு ஒரு வரி எழுதி கொடுத்தாங்க, எப்ப மறுபடி போடணும்னு யாரும் சொல்லல, நானும் ஆயுசுக்கு போதும்னு நெனச்சுட்டேன். இப்ப நீங்க சொல்றத படிச்சா வயித்த கலக்குது. எனக்கு போட்டது 23 டைப் ஊசின்னு அட்டையில இருக்கு.

லேப்_மீனா
பயப்படாதீங்க, ஆனா தள்ளியும் போடாதீங்க. 23 டைப் ஊசிங்கிறது 1983லேர்ந்து இருக்கிற பழைய வகை, வெறும் சர்க்கரை, கான்ஜுகேட் இல்ல. வருசம் ஆக ஆக அதோட பாதுகாப்பு எறங்கும், அதையே திரும்ப திரும்ப போட்டா சில பேருக்கு ஆன்டிபாடி முன்னவிட கம்மியாக்கூட வரும். மண்ணீரல் இல்லாதவங்களுக்கு கான்ஜுகேட்டும் சேத்து போடுறதுதான் இப்ப வழக்கம், மெனிஞ்சோகாக்கஸுக்கு சில வருசத்துக்கு ஒரு தடவ திரும்ப போடணும். ஹெமடாலஜிஸ்டு இல்லன்னா இன்ஃபெக்‌ஷியஸ் டிசீஸ் டாக்டர் ஒருத்தர்கிட்ட அட்டைய எடுத்துட்டுப் போங்க. ரத்தத்துல சர்க்கரைப் பூச்சு கிருமிய வடிகட்டுற எடமே மண்ணீரல்தான், அதனால உங்களுக்கு காய்ச்சல் வந்தா "ரெண்டு நாள் பாப்போம்" கிடையாது, அன்னைக்கே ஆஸ்பத்திரி. மண்ணீரல் இல்லன்னு மொதல்ல சொல்லணும், டோக்கன் போட்டு உக்காராதீங்க.

மண்ணீரல்_இல்லாதவன்
ரொம்ப நன்றி மேடம். திங்கக்கிழமை போறேன்.

ஈரோட்டு_கணேசன்
டைபாய்டு பத்தி யாரும் சொல்லலியே. எங்க பக்கத்து குழந்தை டாக்டர் டைபாய்டு கான்ஜுகேட் போடுங்கன்னாரு, ஒரே ஊசின்னாரு. அது எவ்ளோ நாள் நிக்கும்?

சந்தேகப்_பிராணி
டைபாய்டுக்கு ஊசி எதுக்கு, குடிக்கிற தண்ணியையும் சாக்கடையையும் பிரிச்சா போதும். ஐரோப்பாவுல ஊசி போட்டா டைபாய்டு போச்சு?

ஃபார்மா_செந்தில்
தண்ணி விஷயத்துல பிராணிக்கு நூறு மார்க். ஆனா பைப் மாத்துற வரைக்கும் குழந்தை காத்திருக்காது. பாகிஸ்தான் சிந்துல 2016லேர்ந்து பரவுற டைபாய்டு குளோரம்ஃபெனிகால், ஆம்பிசிலின், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோ எதுக்கும் அடங்காது, மிச்சம் அசித்ரோமைசினும் மெரோபெனமும்தான். அதனாலதான் 2019ல உலகத்துலயே முதல்ல அவங்க டைபாய்டு கான்ஜுகேட்ட அட்டவணையில சேத்தாங்க. அந்த ஊசி நம்ம ஹைதராபாத் பாரத் பயோடெக் செஞ்சது, டைபாய்டு கிருமியோட வை (Vi) சர்க்கரைய டெட்டனஸ் டாக்சாய்டோட ஒட்டினது.

லேப்_மீனா
எவ்ளோ நாள் நிக்கும்ங்கிறதுக்கு ரெண்டு ஊர் ரெண்டு பதில் சொல்லுது. மலாவி நாட்டு பிளான்டையர்ல ஒன்பது மாசத்துலேர்ந்து 12 வயசு வரைக்கும் 28,000 பசங்க, நாலு வருசத்துக்கு அப்புறமும் 78 சதவீத பாதுகாப்பு, ஒரே ஊசியில. பங்களாதேஷ் டாக்கா மிர்பூர்ல ஆரம்பத்துல 85 சதவீதம், ஆனா மூணுலேர்ந்து அஞ்சு வருசத்துக்குள்ள நல்லாவே எறங்கிருச்சு, ரெண்டு வயசுக்குள்ள போட்டுக்கிட்ட குழந்தைங்ககிட்ட எறக்கம் அதிகம். மேல சொன்ன அதே மஜ்ஜை விவகாரம்தான் இங்கயும்னு நான் நெனைக்கிறேன். ஸ்கூல் போற வயசுல இன்னொண்ணு தேவப்படலாம், டைபாய்டு அதிகமா வர்றதும் அந்த வயசுலதான். நான் உங்க எடத்துல இருந்தா இப்ப போட்டுட்டு, அஞ்சு வயசுல மறுபடி டாக்டர்கிட்ட கேப்பேன். இன்னொண்ணு, ஊசி போட்டாச்சோ இல்லியோ, காய்ச்சல்னா உடனே விடால் டெஸ்ட் எடுத்து "டைபாய்டு பாசிட்டிவ்"னு எழுதுற கூத்து நம்ம ஊர்ல ஓயவே மாட்டேங்குது. ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ப்ளட் கல்ச்சர் கேளுங்க.

செல்வி_தஞ்சை
நான் மகப்பேறு வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். குரூப் பி ஸ்ட்ரெப்னு ஒண்ணு பொறந்த குழந்தைய முதல் வாரத்துலயே கொண்டு போயிரும், அதுக்கு ஊசி எதுவும் இல்லையா? பொறந்ததும் போட்டாக்கூட லேட்டுதானே.

லேப்_மீனா
குழந்தைக்கு போடுற திட்டமே இல்ல சிஸ்டர், கர்ப்பிணிக்கு போடுறது, ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்கு போகும், டெட்டனஸுக்கு நாம செய்யிற மாதிரியே. 1976லயே கரோல் பேக்கரும் டென்னிஸ் காஸ்பரும், அம்மாகிட்ட அந்த சர்க்கரைக்கு ஆன்டிபாடி கம்மியா இருந்தா குழந்தைக்கு நோய் வருதுன்னு காட்டிட்டாங்க. ஆறு டைப் கான்ஜுகேட் ஒண்ணு கர்ப்பிணிகள்கிட்ட ட்ரையல் வரைக்கும் வந்திருக்கு. இதுல பாருங்க, காலத்துக்கும் நிக்கணும்ங்கிற கட்டாயமே இல்ல, அம்மா கொடுத்தது முதல் மூணு மாசம் குழந்தைகிட்ட நின்னா போதும்.

இதுக்கு நேர் எதிர் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியா. எத்தன கம்பெனி எத்தன ஊசி, எல்லாம் கவுந்துச்சு. மெர்க் செஞ்ச ஒண்ண இதய ஆபரேஷன் நோயாளிங்களுக்கு போட்டுப் பாத்து 2011ல நிறுத்திட்டாங்க, அந்த கிருமி தொத்தினவங்கள்ல ஊசி போட்டவங்கதான் அதிகமா செத்தாங்க. நம்ம எல்லார் ரத்தத்துலயும் அதுக்கு ஏற்கனவே ஆன்டிபாடி இருக்கு, இருந்தும் அது வருது. அங்க ஆன்டிபாடிய ஏத்துறது மட்டும் பத்தல.

சந்தேகப்_பிராணி
இத மறைக்காம சொன்னதுக்கு நன்றி. தோத்த கதைய யாரும் சொல்ல மாட்டாங்க.

ஈரோட்டு_கணேசன்
கடைசியா ஒண்ணு. அப்பாவுக்கு 67, சுகர் இருக்கு, ரெண்டு தடவ நிமோனியா வந்து அட்மிட் ஆகியிருக்காரு. பொண்ணுக்கு இலவசமா போட்டது அவருக்கு பிஎச்சியில கெடைக்குமா?

லேப்_மீனா
கெடைக்காது சார், அது குழந்தைங்க அட்டவணைக்கு மட்டும். பெரியவங்களுக்கு காசு கொடுத்துதான் போடணும். 20 டைப் கான்ஜுகேட் கெடைச்சா அது ஒண்ணு போதும்னு பல நாட்டு அட்டவணை சொல்லுது, கெடைக்கலன்னா 13 டைப் போட்டுட்டு, இடைவெளி விட்டு 23 டைப். அவரோட சுகர் டாக்டர்கிட்டயே கேளுங்க, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ரெண்டையும் கையில எடுத்துட்டுப் போங்க, ஏற்கனவே எதுவும் போட்டிருந்தா அதுல எழுதியிருக்கும்.

சந்தேகப்_பிராணி
வயசானவங்களுக்கு ஏன் இலவசம் இல்லன்னு நான் தனி இழை தொடங்குறேன். அதுல எல்லாரும் வாங்க.